வீட்டுக் கணக்கும் அப்பாவின் கொப்பியும்

ஆவணி மாதத்தில் திருகோணமலைக்கு வந்தால், நீதிமன்றப் பக்கம் உள்ள ஏதாவதொரு நொத்தாரிசின் அலுவலகத்தை எட்டிப் பாருங்கள். வாங்கில் ஒரே மூக்கோடு இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் அரைக்காற்சட்டை, கையில் தண்ணீர்ப் போத்தல், கழுத்தெல்லாம் வெயில் சிவப்பு. மற்றவர் குடை, மடியில் பொலித்தீன் பை, பைக்குள் காணி உறுதிகள். வெளிநாட்டில் பள்ளி விடுமுறை, அண்ணன் வந்திருக்கிறார், வீட்டு விஷயத்தை இந்தமுறை முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் முடிவதில்லை. அடுத்த ஆவணிக்கு மறுபடியும் அதே வாங்கு.

காசாசை என்று வாசலில் நிற்பவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் செய்ததையெல்லாம் ஒரு கணக்காக வைத்திருந்தார்கள். யாருக்கு வீடு, யாருக்குப் படிப்பு, யாரை எவ்வளவு கடன்பட்டு விமானம் ஏற்றியது, யாருக்கு ஒன்றும் செய்யமுடியாமல் போனது. அந்தக் கணக்கு முழுதாகத் தெரிந்தது அவர்கள் இருவருக்கும்தான். பிள்ளைகளுக்கு அவரவர் வரி மட்டும் தெரியும். கடைசியாக இருந்தவரும் கண்ணை மூடியபின், வீட்டைப் பற்றிக் கதைக்க உட்காரும்போதுதான் மற்ற வரிகள் வெளியே வருகின்றன. குடும்ப இரகசியம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி இதுதான்.

முதலில் வழக்கம். தமிழில் ‘பிறந்த வீடு’ என்றால் கலியாணம் செய்துபோன பெண் நினைத்து ஏங்கும் வீடு. கிழக்கில் இது தலைகீழ். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் சீதனமாகப் பேசப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தாய் தகப்பன் பின்னறைக்கோ, வளவின் ஓரத்தில் புதிதாகப் போட்ட கொட்டிலுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே நடைமுறைதான். இஸ்லாமிய வாரிசு முறையில் மகளுக்கு ஒரு பங்கென்றால் மகனுக்கு இரண்டு. அந்த முறையை 1931ஆம் ஆண்டின் சட்டமும் ஏற்கிறது. ஆனால் பங்கு பிரிக்கும் நாள் வருமுன்னே வீடு சீதனமாக மகளிடம் போயிருக்கும்.

ஆகவே எங்கள் ஊரில் பிறந்த வீட்டை விட்டுப் போகிறவன் ஆண்பிள்ளை. அக்கா வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, தான் பிறந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டுப் போவான். அதை யாரும் துக்கமாக எண்ணுவதில்லை, அவனும்கூட. துக்கம் பிறகு வரும், ஐம்பது வயதில்.

திருகோணமலை நகரம் இந்த வழக்கத்தில் கொஞ்சம் கலப்பு. கடற்படைத் துறைமுகம் பிரித்தானியர் கையில் இருந்த காலத்தில், தொக்யாட் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வந்து தங்கிய குடும்பங்கள் நிறைய. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். 1957இல் தளம் இலங்கை அரசிடம் வந்தபின்னும் இங்கேயே வேர்விட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பின் சேர்த்த சொத்து) என்ற சொற்களையும் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். இவை தேசவழமைச் சொற்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த அந்தச் சட்டம் வடக்கிலுள்ள காணிகளுக்கும் வடக்குத் தமிழருக்கும் உரியது. திருகோணமலைத் தமிழருக்கு அது ஊர்ச் சட்டமில்லை. இங்கே நாட்டின் பொதுச் சட்டம். ஆனால் பேச்சில் யாரும் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. தேசவழமையின் பழைய விதிப்படி சீதனம் வாங்கிய மகள் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. பொதுச் சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே மேசையில் அண்ணன் தேசவழமையை மனதில் வைத்துப் பேசுவார், தங்கச்சி பொதுச் சட்டத்தை. அக்காவுக்கு இரண்டும் தெரியாது. கலியாணப் பேச்சில் அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த வாக்குத்தான் அவருக்குச் சட்டம்.

அந்த வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா என்றால், இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மோசடிகளைத் தடுப்பதற்கென்று வந்தது. காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது. மரணசாதனமும் (உயில்) அப்படித்தான், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். அம்மா தன் கையால் கொப்பித்தாளில் எழுதி, மடித்து, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவைத்த கடிதம் எத்தனை வீடுகளில் கிடைத்திருக்கும்! வாசித்தால் கண் கலங்கும். வழக்குக்கு உதவாது.

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். 1986இல் அக்காவின் கலியாணம். வீடு அக்காவுக்கு என்று அப்பா சபையில் சொன்னார். உறுதி எழுதவில்லை. நாள் குழப்பமான நாள். முந்தின வருடம்தான் நிலாவெளி, திரியாய்ப் பக்கமிருந்து சனம் ஓடிவந்திருந்தது. பிறகு எழுதலாம் என்றார். 2001இல் போகும்வரைக்கும் அந்தப் பிறகு வரவில்லை. எழுதாமல் செத்தால் என்ன நடக்கும் என்பதை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நாங்கள் ஐந்து பேர். அன்று முதல் அந்த வீட்டில் அம்மாவுக்கு அரைவாசி, எங்கள் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒன்று. அம்மாவும் போனபின் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. கறி சமைத்து, அம்மாவைக் குளிப்பாட்டி, கூரைச் சீற்று மாற்றி, 38 வருடம் அந்த வீட்டில் இருந்த அக்காவுக்கும் ஐந்தில் ஒன்று. கனடாவில் இருக்கும் பெரியண்ணாவுக்கும் ஐந்தில் ஒன்று.

இதே 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் 35ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் ஒரு இடத்தை விரும்பி வாசிக்கலாம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். தாய் தகப்பனிடமிருந்து கலியாணத்தின்போதோ, வாழ்க்கையில் காலூன்றுவதற்கென்றோ, மற்றச் சகோதரங்களைவிடக் கூடுதலாக யாராவது வாங்கியிருந்தால், பங்கு பிரிக்குமுன் அதைத் திரும்பப் பொதுக் கணக்கில் போட வேண்டும். பெற்றவர் அதை வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விட்டுக்கொடுத்திருந்தால் மட்டும் போடத் தேவையில்லை. அவ்வளவுதான் பிரிவு. ஆனால் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஐந்து பேரும் மேசையில் உட்கார்ந்து, அவரவர் வாங்கியதைத் தன் வாயால் சொல்லச் சொல்கிறது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் ஒன்று, இன்றைக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் செய்யத் துணியாத ஒன்றைச் சாதாரணமாகக் கேட்கிறது.

சீதனம் கண்ணுக்குத் தெரிந்த கொடை. ஊரே சாப்பிட்டுவிட்டுப் போன கொடை. ஏஜென்சிக் காசு அப்படியில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு பொடியனாவது வெளிக்கிட்டான். காசு எங்கிருந்து வந்தது என்பது இரவில் நடந்த காரியம். வீட்டை ஈடு வைத்தது, அக்காவின் தாலிக்கொடியைத் தவிர்த்து மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது, சீட்டைக் கழிவில் எடுத்தது. ஏஜென்ட் யார், எந்தப் பாதை என்பதெல்லாம் சின்னப்பிள்ளைகளின் காதுக்கு வரக்கூடாது. பிள்ளைகள் வெளியே சொன்னால் சோதனைச்சாவடி வரைக்கும் கதை போகும். போனவன் பிழைக்கப் போனான், அதனால் அது கொடை என்ற கணக்கிலேயே யாருக்கும் படவில்லை. ஆனால் வாழ்க்கையில் காலூன்ற வைப்பது என்றால் இதைவிட வேறென்ன?

அம்மாவின் 31ஆம் நாள். கன்னியாவுக்குப் போய் வந்த அன்று பின்னேரம் ரங்குப்பெட்டியைத் திறந்தோம். கன்னியாவின் ஏழு கிணறுகளைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணனின் தாயின் கிரியைக்காக உண்டான ஊற்றுகள் என்பது ஐதீகம். (இராவணனே அண்ணன் குபேரனின் இலங்கையைப் பறித்துக்கொண்டு இருந்தவன். எங்கள் நாடே அண்ணன் தம்பி வீட்டுத் தகராறில் கைமாறிய வளவு என்று பெரியண்ணா வான் வண்டியில் வரும்போது சொல்லிச் சிரித்தார். ஈரத்தலையோடு எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.)

பெட்டிக்குள் அம்மாவின் கூறைச்சேலை, பழைய அடையாள அட்டைகள், பங்கீட்டு அட்டை, தாத்தாவின் பெயரில் இருந்த மூல உறுதி. அடியில் ஒரு சீ.ஆர். கொப்பி. அப்பா கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், எழுத்து அச்சுப்போல இருக்கும். வீட்டுச் செலவு, பால் கணக்கு, வட்டிக் கணக்கு. நடுப்பக்கத்தில் எங்கள் ஐந்து பேரின் வரிகள்.

மூத்தவள், 86, வீடு.
பெரியவன், 89, ஏஜென்சி 1,20,000. கேட்கப்படாது.
சின்னவன், 90.
நடுவிலான், சைக்கிள் 2,350.
கடைசி, பார்க்கவேணும்.

நடுவிலான் நான். சைக்கிள்தான் என் வரி. அது களவு போய்விட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

‘கேட்கப்படாது’ என்ற அந்தச் சொல்லில் எல்லோரும் நின்றுவிட்டோம். பெரியண்ணாவிடம் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று அப்பா எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் பிறகு கேட்ட வழக்கறிஞர், 35ஆம் பிரிவு சொல்லும் விட்டுக்கொடுப்புக்கு இது நல்ல சான்றாகலாம் என்றார். அக்காவின் வரியில் அப்படி ஒரு சொல் இல்லை. ‘வீடு’ என்று மட்டும். ஏன் என்று எனக்குத் தெரிகிறது. வீடு அக்காவுக்கு என்பதை யாரும் கேள்வி கேட்பார்கள் என்று அப்பாவுக்குத் தோன்றியே இருக்காது. தோன்றாததற்கு யார் குறிப்பு எழுதுவார்? ஆனால் காகிதத்தில் பார்த்தால், அப்பா அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார், அக்காவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா கொப்பியைப் பார்த்தார், குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் வைத்தார்.

பெரியண்ணாவின் முகத்தில் இருந்தது வேறு. அவர் முப்பது வருடமாக அந்த 1,20,000ஐக் கடன் என்று நினைத்து மாதாமாதம் காசு அனுப்பியவர். அம்மா வாங்கினார். கடன் இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தக் காசு எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இடத்தில் என் பங்குப் பொய்யையும் சொல்ல வேண்டும். கனடாக் குடியுரிமை எடுத்தபடியால் தனக்கு இங்கே காணியில் உரிமை இல்லை என்று பெரியண்ணா வெகுகாலம் நம்பினார். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டு வந்த நம்பிக்கை அது. அந்தச் சட்டம் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதற்குத்தான் தடை. தாய் தகப்பனின் சொத்து வாரிசாகப் பிள்ளைக்கு வருவதை அது தடுக்கவில்லை. எனக்கு இது தெரியும். நான் திருத்தவில்லை. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் அக்காவுக்கு நல்லது என்று எண்ணினேன். இரகசியம் என்றால் யாரோ ஒருவர் பூட்டி வைத்தது என்றே நினைக்கிறோம். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் நாலு பேர் சும்மா இருந்தாலும் அது இரகசியம்தான்.

ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரங்கள் ஏன் இவ்வளவு வேறுவேறாக இருக்கிறார்கள் என்று ரொபர்ட் புளோமின், டெனிஸ் டானியல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குடும்பச் சூழல் பிள்ளைகளை ஒரே மாதிரி ஆக்குவதைவிட வேறாக்குவதே அதிகம், ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது வேறொரு வீடு என்பது அதன் சாரம். அமைதியான நாட்டிலேயே அப்படியென்றால் திருகோணமலையில் கேட்க வேண்டுமா? பெரியண்ணாவின் வீடு 1989இல் நின்றுபோன வீடு. கிடுகு வேலி, படலை, கிணற்றடியில் அவர் நட்ட தென்னை, கோட்டைப் பக்கத்து மான்கள் ஒழுங்கைக்குள் வந்து செவ்வரத்தையை மேய்ந்துவிட்டுப் போவது. தங்கச்சிக்கு நினைவு தெரிந்து ஊன்றிய வீடு 1990க்குப் பிந்தியது. விறாந்தையில் மூன்று குடும்பங்கள், வேலிக் கதியால் அடுப்புக்குள், இரவில் விளக்கில்லை. மான்கள் அப்போதும் வந்தன, அதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

அந்தத் தென்னையைப் பற்றி ஒன்று. அதை அக்கா தறித்து விற்றுவிட்டார் என்று பெரியண்ணாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைக் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை. இந்தமுறை கிணற்றடியில் நின்று கேட்டார். தங்கச்சிதான் பதில் சொன்னாள்: “அண்ணா, அது பங்கருக்குப் போட்டது. நான் அதுக்குக் கீழதான் கிடந்தனான்.” குற்றிகளைப் பங்கருக்கு மேலே அடுக்கியது அப்பாவும் சின்னண்ணாவும். ஆனி மாதம் சண்டை தொடங்கின கிழமை.

வடக்கு கிழக்கின் போர்க்கால மனநிலையைப் பற்றி நீண்டகாலம் எழுதிவரும் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழ்க் குடும்பம் ஆபத்தைத் தனித்தனி ஆட்களாக எதிர்கொள்வதில்லை, முழுக் குடும்பமும் ஓர் உடம்பாக நின்றுதான் எதிர்கொள்கிறது என்பார். உண்மைதான். ஆனால் அந்த உடம்பில் எந்தப் பகுதி அடி வாங்கியது என்பதை மற்றப் பகுதிக்குச் சொல்லாமல் இருப்பதும் அதே பாதுகாப்பின் ஒரு பகுதியாக இருந்தது. வெளிநாட்டில் இருப்பவன் கவலைப்படுவான் என்று அவனுக்குச் சொல்லவில்லை. இங்கே இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று, தான் அங்கே கோப்பை கழுவியதை அவனும் சொல்லவில்லை. பங்கு பிரிக்க உட்காரும்போது ஒருவர் மற்றவரைச் சொகுசாக இருந்தவர் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அக்காவின் பக்கத்துக்கு வருகிறேன். ஊரில் எல்லோரும் சொல்வது, பத்து வருடம் இருந்தால் காணி இருப்பவருக்கு என்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டத்திலிருந்து வந்த பேச்சு அது. தடையின்றி, மற்றவரின் உரிமையை ஏற்காமல், பத்து வருடம் ஆண்டால் ஆட்சி உரித்துக் கோரலாம். ஆனால் கூட்டுச் சொந்தக்காரருக்குள் இது அவ்வளவு இலேசில்லை. 1911இல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் என்ற அந்நாளைய உச்ச மேன்முறையீட்டு மன்றம் வரை போன கொரெயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கு இன்றுவரை இதற்கு அடிப்படை. ஒரு பங்குதாரர் வீட்டில் இருந்தால் அவர் எல்லோருக்குமாகத்தான் இருக்கிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எனக்கு மட்டும்தான், உங்களுக்கு இல்லை என்று வெளிப்படையாக வெளியேற்றியிருந்தால்தான் பத்து வருடம் எண்ணத் தொடங்கும். அதாவது நல்ல அக்காவுக்கு உரித்து வராது. தம்பி தங்கச்சியைப் படலையோடு நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தால் வந்திருக்கும். வரும்போதெல்லாம் கோழி அடித்துச் சமைத்துப் போட்டவர் எங்கள் அக்கா.

(காணியை விட்டு ஓடியவர்களின் நிலை வேறு. போரால் தன் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்குப் போட அது தந்தது இரண்டே வருடம். பலருக்கு அது தெரியவந்தபோது காலம் முடிந்திருந்தது. சம்பூரில் 2006இல் ஓடி, பத்து வருடம் கழித்துத் திரும்பியவர்களில் பலருக்கு வீடே இருக்கவில்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை அடையாளம் பிடித்தார்கள். அவர்கள் பிள்ளைப்பருவ வீடு என்று கையால் காட்டுவது ஒரு கிணற்றுக் கட்டை.)

அப்படியென்றால் பிரித்துவிடலாமே என்றால், எங்கள் வளவு 12 பேர்ச். ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 2.4. நகர எல்லைக்குள் ஒரு காணித்துண்டு பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. சேவையரைக் கூப்பிட்டால் அவர் நாடாவை விரிக்குமுன்னே தலையை ஆட்டிவிடுவார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டப்படி எந்தப் பங்குதாரரும் வழக்குப் போடலாம். பிரிக்க முடியாத காணி ஏலத்துக்குப் போகும். ஆனால் பங்கு வழக்கு என்றால் பேரப்பிள்ளை தீர்ப்புக் கேட்கும் வழக்கு. மத்தியஸ்த சபைக்குப் போவது நல்லது, அங்கே செலவு இல்லை. மத்தியஸ்தர்களும் ஊர்க்காரர்தான். அதுதான் நன்மையும் கஷ்டமும்: அவர்களுக்கு எங்கள் அப்பாவைத் தெரியும்.

மற்ற இரகசியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவை எங்கள் வீட்டில் இல்லை, ஒழுங்கையில் உண்டு. பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாய் தகப்பன் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு இருக்கும். கடவுச்சீட்டுக்காகப் பிரதி எடுக்கப்போன நாற்பது வயது மனிதன் அந்தக் கூட்டைப் பார்த்துத்தான் தன் கதையைத் தெரிந்துகொள்கிறான். பொதுச் சட்டத்தில் விவாகத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் சொத்தில் உரிமை உண்டு, தகப்பனின் சொத்தில் இல்லை. அதேபோல வளர்ப்புப் பிள்ளை. 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் மகவேற்புச் செய்திருந்தால் சொந்தப் பிள்ளைக்குரிய உரிமை. தொண்ணூறிலும் சுனாமிக்குப் பிறகும் கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்களில் எத்தனை பேர் நீதிமன்றம் போனார்கள்? பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று போகாமல் விட்டார்கள். தெரியாமல் வளர்ந்த பிள்ளை, கடைசியில் உறுதி எழுதும் மேசையில் தெரிந்துகொள்கிறது. அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு நன்கொடை உறுதி எழுதிவைத்திருந்தால் பிள்ளைக்கு அந்த நாள் வந்திருக்காது.

இனிச் சின்னண்ணா. அவருடைய வரியில் ‘90’ என்று மட்டும் இருக்கிறது. அந்த வருடம் ஒரு காலை வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பேனை நின்ற இடத்தில் மைப்பொட்டு ஒன்று.

அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமல்போன படையினரின் குடும்பங்களோடு எழுபதுகளில் வேலை செய்தவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது முடிவாகாத இழப்புக்கு அவர் தனிப் பெயரே கொடுத்தார். சாவு என்றால் செத்தவீடு உண்டு, எட்டு உண்டு, கன்னியா உண்டு. இதற்கு எதுவும் இல்லை. குடும்பத்துக்குள் ஒருவர் ஆள் இல்லையென்று ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் மாட்டார், இருவரும் அதைப் பற்றிக் கதைக்காமல் ஒரே கோப்பையில் சாப்பிடுவார்கள். எங்கள் அம்மா கடைசிவரை சின்னண்ணாவின் சாரத்தைத் துவைத்து மடித்து வைத்தவர். அக்கா 1995 அளவில் மனதுக்குள் முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

சட்டம் இங்கே இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி காணாமல்போனவருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம். 2016இல் அதைத் திருத்தி, செத்தார் என்று சொல்லாமல் ஆள் காணாமல்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து அவர் சார்பில் அவருடைய சொத்துகளைப் பார்த்துக்கொள்ள வழியுண்டு. வாரிசாகப் பங்கு பிரிப்பதற்கு முதலாவதுதான் வேண்டும். எடுக்காவிட்டால் அவருடைய ஐந்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், கூடவே முழு வீடும் நிற்கும். வாங்குபவரின் வழக்கறிஞர் முதல் நாளே கேட்கும் கேள்வி இதுதான். ஆவணி மாத வாங்குகளில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் இந்த ஒரு கையெழுத்தில்தான் தடக்கி நிற்கிறார்கள். வெளியே சொல்லும்போது விலை சரிவரவில்லை என்பார்கள்.

ரங்குப்பெட்டியில் கொப்பிக்கும் கீழே, அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றி, ஒரு வங்கிச் சேமிப்புப் புத்தகம் இருந்தது. சின்னண்ணா முதல் சம்பளத்தில் திறந்தது, அவர் பெயர். கடைசிப் பதிவு அம்மா படுக்கையில் விழுந்த மாதத்துக்கு முந்தியது. பெரியண்ணா புரட்டிப் பார்த்தார், தன் கைத்தொலைபேசியில் எதையோ தேடினார், மறுபடியும் புரட்டினார். அவர் அனுப்பிய ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டொரு நாள் பிந்தி ஒரு வரவு. எல்லாம் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் கூட. மீதியில் வீடு நடந்திருக்கிறது.

“அவன் வந்தால் வெறுங்கையோடயே நிக்கிறது எண்டு நினைச்சிருப்பா” என்றார் அக்கா. அக்காவுக்கு இது முன்னமே தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. வங்கிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காசை எடுக்கவும் அதே இரண்டு பத்திரங்களில் ஒன்று வேண்டும். பிரதேச செயலகத்திலிருந்து இரண்டு படிவங்களையும் தங்கச்சி வாங்கி வந்தாள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட திகதி, விண்ணப்பிப்பவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதெல்லாம் அவளே நிரப்பிவிட்டாள், இரண்டிலும். கையெழுத்து இடம் மட்டும் வெறுமை. பெரியண்ணாவின் விமானம் செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படிவங்களை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார், பேனையையும் வைத்தார். அக்கா மேசையைத் துடைக்க வேண்டும் என்று இரண்டையும் எடுத்து, கொப்பிக்குள் வைத்து, கொப்பியைப் பெட்டிக்குள் வைத்தார்.